ஹங்கர் கேம்ஸ்: பிடித்திருக்கிறது, ஆனாலும் மனசு ஒப்பவில்லை

வேப்பம்பூ:

வணக்கம் நண்பர்களே. என் மகளுக்குப் பதினைந்து வயது. காலாண்டு விடுமுறையில் அவளும் நானும் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்தோம். சூசன் காலின்ஸ் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்'. 2008இல் அமெரிக்காவில் வந்த இளையோர் நாவல். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கொல்லும் கதை என்று கேள்விப்பட்டு இத்தனை வருடம் தொடாமலே இருந்தேன். மகள் தோழியிடமிருந்து வாங்கி வந்துவிட்டாள். அவள் படிப்பதை நானும் படித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

படிக்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். பானெம் என்றொரு நாடு. நடுவில் கேபிட்டல் என்ற பணக்காரத் தலைநகரம், சுற்றிலும் பன்னிரண்டு மாவட்டங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மாவட்டத்திலும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் குலுக்கலில் எடுக்கிறார்கள். மொத்தம் 24 பேர். களத்தில் இறக்கி விடுவார்கள், கடைசியில் ஒருவர் மிஞ்ச வேண்டும். எல்லாம் நேரலை. பார்த்தே தீர வேண்டும் என்பது சட்டம். தங்கை ப்ரிம் பெயர் வந்ததும் அவளுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று முன்வருகிற பதினாறு வயது காட்னிஸ்தான் கதை சொல்பவள்.

நான் எதிர்பார்த்தது சண்டைக் கதை. ஆனால் மொத்தம் 27 அத்தியாயங்களில் களத்தில் மணி ஒலிப்பதே பதினோராவதில்தான். அதுவரைக்கும் பெரும்பகுதி ஒரு கிராமத்துப் பெண்ணை எப்படிப் பிரபலமாக்குகிறார்கள் என்பதுதான். மூன்று பேர் சேர்ந்து அவள் உடம்பிலுள்ள முடியையெல்லாம் பிடுங்குகிறார்கள், தேய்க்கிறார்கள், மெருகேற்றுகிறார்கள். எஃபி என்பவள் குதிகால் செருப்பில் நடக்கவும் சிரிக்கவும் கற்றுக்கொடுக்கிறாள். பயிற்சியாளர் ஹேமிட்ச் அவளுக்கு ஒவ்வொரு 'முகமாக' மாட்டிப் பார்க்கிறார்: திமிர்பிடித்தவள், நகைச்சுவைக்காரி, மர்மமானவள். ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் உடை வடிவமைப்பாளர் சின்னா, கேள்வி கேட்பவரை மறந்துவிட்டு என்னிடம் பேசுவதாக நினைத்துக்கொள் என்கிறார். அது மட்டும் பலிக்கிறது. சீசர் ஃபிளிக்கர்மேன் எடுக்கும் மூன்று நிமிடப் பேட்டிதான் ஒருவரின் உயிரைத் தீர்மானிக்கும். மக்களுக்குப் பிடித்தால் ஸ்பான்சர்கள் பணம் போடுவார்கள், பணம் இருந்தால் களத்துக்குள் மருந்தும் சோறும் பாராசூட்டில் வந்து இறங்கும். இந்தப் பகுதியை இவ்வளவு நுணுக்கமாக எழுதியதற்காகவே காலின்ஸைக் கும்பிடலாம்.

என் சிக்கல் குகைக் காட்சியில் ஆரம்பித்தது. காட்னிஸின் ஊரிலிருந்தே அவளோடு களத்துக்கு வந்த பையன் பீட்டா காய்ச்சலில் கிடக்கிறான். காட்னிஸ் அவனை முத்தமிடுகிறாள். உடனே வெளியே ஒரு பானை சூடான சூப் இறங்குகிறது. ஹேமிட்ச் என்ன சொல்ல வருகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது: ஒரு முத்தத்துக்கு ஒரு பானை. படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அடுத்த பக்கத்திலேயே அடுத்த முத்தம் எப்போது என்று நானும் காத்திருந்தேன். உண்மையில் காதலிக்கிறாளா, நடிக்கிறாளா? கேபிட்டல்காரர்கள் கேட்கிற அதே கேள்வியைத்தான் நானும் கேட்டேன். எங்கள் வீட்டில் இப்போது பீட்டாவா, கேலா என்று கட்சி பிரிந்திருக்கிறது. (கேல் ஊரில் இருக்கும் நண்பன்.)

பார்ப்பவர்களைத் தப்பு சொல்கிற புத்தகம் என்னையும் பார்ப்பவளாக்கி வைத்துவிட்டது. ஆசிரியர் தெரிந்தே செய்தாரா? இல்லை, கண்டிக்கவும் வேண்டும், அதே சரக்கை விற்கவும் வேண்டும் என்று இரண்டு பக்கமும் ஆடியிருக்கிறாரா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய புத்தகக்கடை:

வேப்பம்பூ அம்மா, வணக்கம். நான் இதைப் பிரபலங்களைப் பற்றிய நாவலாகப் படித்ததே இல்லை. எனக்கு இது போர் நாவல். காலின்ஸின் அப்பா வியட்நாம் போருக்குப் போய்வந்த விமானப்படைக்காரர். ஒருநாள் இரவு தொலைக்காட்சியில் சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது ஒன்றில் இளைஞர்கள் மோதும் ரியாலிட்டி ஷோ, இன்னொன்றில் ஈராக் போர், இரண்டும் கலந்து தெரிந்தபோதுதான் கதை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். இன்னொரு வேர் கிரேக்கக் கதை. ஏதென்ஸ் நகரம் ஏழு பையன்களையும் ஏழு பெண்களையும் கிரீட் தீவின் மினோடாருக்குப் பலியாக அனுப்புமே, அந்தக் கதை. பானெம் என்ற பெயரும் 'ரொட்டியும் கேளிக்கையும்' என்று ரோமானியக் கவிஞர் ஜூவெனல் எழுதிய வரியிலிருந்து வந்தது. அந்த வரியின் லத்தீன் மூலத்தில் ரொட்டிக்கான சொல் அது.

அதனால் குழந்தைகளின் சாவைத்தான் முதலில் பார்க்கிறேன். முத்தமும் உடையும் எனக்கு அப்புறம்தான்.

ஆனாலும் உங்கள் கேள்விக்கு ஒரு பதில் புத்தகத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். காட்னிஸ் முன்வந்து மேடை ஏறியதும் எஃபி ஊர்க்காரர்களைப் பார்த்துக் கைதட்டச் சொல்கிறாள். ஒருவர்கூடத் தட்டவில்லை. பெரிய மௌனம். அப்புறம் ஒவ்வொருவராக இடது கையின் நடு மூன்று விரல்களை உதட்டில் வைத்து அவளை நோக்கி நீட்டுகிறார்கள். அந்த ஊரில் சாவு வீட்டில் எப்போதாவது செய்யும் பழைய சைகை. நன்றி, மதிப்பு, போய்வா, மூன்றும் அதற்குள் இருக்கிறது. கதையில் நாம் பார்க்கிற முதல் கூட்டமே ரசிகர் கூட்டமாக இருக்க மறுக்கிறது. உடனே என்ன நடக்கிறது பாருங்கள். குடிபோதையில் ஹேமிட்ச் மேடையிலிருந்து விழுகிறார், கேமராக்கள் எல்லாம் சந்தோஷமாக அவர் பக்கம் திரும்பிவிடுகின்றன. அந்த மௌனத்தைக் காட்ட அவற்றுக்கு விருப்பமில்லை.

எனவே, பார்ப்பவர் எல்லாரும் ஒன்று என்று ஆசிரியர் சொல்லவில்லை.

நள்ளிரவு எடிட்டர்:

இந்த இழைக்காகத்தான் ரொம்ப நாள் கழித்து உள்ளே நுழைகிறேன். நான்கு வருடம் ஒரு தொலைக்காட்சியில் பிள்ளைகள் பாடும் போட்டி நிகழ்ச்சிக்கு எடிட்டராக இருந்தேன். பெயர் வேண்டாம். இப்போது அந்த வேலையில் இல்லை.

எல்லாரும் குகையைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னைத் தூக்கிப்போட்டது அதற்கு அப்புறம் வருகிற இடம். வென்றவர்களை (இந்தத் தடவை காட்னிஸ், பீட்டா இரண்டு பேருமே மிஞ்சிவிடுவார்கள்) மேடையில் உட்கார வைத்து, களத்தில் நடந்ததையெல்லாம் மூன்று மணி நேரமாகச் சுருக்கிய தொகுப்பைப் போட்டுக் காட்டுவார்கள். அதை நாடே பார்க்க வேண்டும். அத்தனை நாள் காட்சிகளையும் ஒரு காதல் கதையாக ஆக்கியிருப்பார்கள். ரூ என்ற பன்னிரண்டு வயதுக் குழந்தை சாகும்போது காட்னிஸ் அவளுக்காகப் பாடியதைக் காட்டுவார்கள், முழுப் பாட்டையும். அந்த உடம்பைப் பூக்களால் அவள் அலங்கரித்ததை மட்டும் வெட்டிவிடுவார்கள். காட்னிஸ் அதைக் கவனிக்கிறாள். அந்தப் பூக்களில்தான் எதிர்ப்பு இருந்தது.

ஒரு எடிட்டர் அந்தப் பத்தியைப் படித்தால் கை நடுங்கும். அது அவ்வளவு சரி. அழுகையை வைத்துக்கொள், கேள்வியை எடுத்துவிடு. நாங்கள் தினமும் அதைத்தான் செய்தோம். ஒரு குழந்தை பாடும்போது நடுவர் கண் கலங்குகிற ஷாட் வேண்டும் என்றால், காலையில் வேறு குழந்தைக்கு அவர் கலங்கியதை எடுத்து ஒட்டுவோம். வேறு எங்கும் பார்க்க வேண்டாம், பார்வையாளரின் முகம்தான் நிகழ்ச்சி என்று ஒரு மூத்தவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அப்புறம் 'பின்னணிக் கதை'. பாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலேயே வீட்டைப் படம் பிடித்துவிடுவார்கள். நெசவு செய்கிற குடும்பத்துப் பையன் ஒருவன் வந்தான். நல்ல குரல், நல்ல ஸ்ருதி. அவன் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எங்க வீட்டக் காட்டாதீங்க சார், பையன் பாட்ட மட்டும் காட்டுங்க." காட்டினோம். ஒழுகுகிற கூரையைக் காட்டினோம், வீட்டுக்காரம்மா புடவையால் கண்ணைத் துடைத்ததை மெதுவாக ஓடவிட்டு வயலின் போட்டோம். வாக்கு குவிந்தது. அந்தப் பையன் மறுவாரம் ஸ்டுடியோவுக்கு வந்தபோது யார் கண்ணையும் பார்க்கவில்லை. அதை நான்தான் வெட்டி ஒட்டினேன்.

இங்கேதான் எனக்குப் புத்தகத்தின் மேல் குறை. தப்பு செய்கிறவர் யார் என்றால் ஜனாதிபதி ஸ்னோ, விளையாட்டை நடத்தும் அதிகாரிகள். என்னைப் போல இரண்டாம் ஷிஃப்டில் உட்கார்ந்து, வீட்டு லோன் கட்டுவதற்காக அந்த மூன்று மணி நேரத்தை ஒட்டியவன் எங்கே? அவனுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. காட்னிஸ் தன் கண்ணால் பார்ப்பதை மட்டுமே நிகழ்காலத்தில் சொல்கிறாள், அதனால் கட்டுப்பாட்டு அறைக்குள் நாம் போகவே முடிவதில்லை. கதை சொல்லும் முறைக்கு அது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் கெட்டதெல்லாம் எங்கோ உயரத்தில் இருக்கிற பொல்லாதவர்களால் நடக்கிறது என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை நினைத்துக்கொண்டால்?

நிலாமுற்றம்:

எடிட்டர் அண்ணா, அந்தப் பையன் இப்போது பாடுகிறானா?

எனக்கு வயது 19, கல்லூரி இரண்டாம் வருடம். இந்தப் புத்தகம் வந்தபோது எனக்கு இரண்டு வயதுகூட ஆகியிருக்காது. இன்ஸ்டாகிராமே 2010இல்தான் வந்தது. அதனால் நான் படிக்கும்போது ஒரு விஷயம் தனியாகத் தெரிந்தது. இந்த நாவலில் புகழ் என்பது மேலேயிருந்து யாரோ திணிக்கிற ஒன்று. காட்னிஸுக்கு அது வேண்டவே வேண்டாம். தங்கைக்காக வந்தவள், வில் எடுத்து வேட்டையாடத் தெரிந்தவள், கேமராவைப் பிடிக்காதவள். அதனால்தான் நமக்கு அவளைப் பிடிக்கிறது, கேபிட்டலுக்கும் பிடிக்கிறது.

அப்படியானால் புகழ் வேண்டும் என்று ஆசைப்படுகிற பெண்ணுக்கு இந்தக் கதையில் என்ன இடம்? முதல் மாவட்டத்துக் கிளிமரைப் பாருங்கள். பேட்டிக்கு உடம்பு தெரிகிற தங்க நிற உடையில் வருகிறாள். பொன்னிற முடி, மரகதக் கண். காட்னிஸ் அவளை ஒரே பார்வையில் முடித்துவிடுகிறாள். கவர்ச்சிதான் அவளுடைய உத்தி, அவ்வளவுதான். அந்த உடையை யார் தேர்ந்தெடுத்தார்கள்? அவளுக்கும் ஒரு ஸ்டைலிஸ்ட் இருந்திருப்பாரே, அவளுக்கும் ஒரு பயிற்சியாளர் 'இந்த முகத்தை மாட்டிக்கொள்' என்று சொல்லியிருப்பாரே? காட்னிஸ் சின்னாவின் உடையில் மேடையில் சுற்றிச் சுற்றி வந்தால் அது அழகு, கிளிமர் அதே மேடையில் நின்றால் மலிவு.

அதைவிட, பீட்டா. இந்தப் புத்தகத்தில் கேமராவை நன்றாகக் கையாளத் தெரிந்தவன் அவன்தான். நேரலையில் காதலைச் சொல்லி நாட்டையே அழவைக்கிறான். அவனை யாரும் தளுக்குக்காரன் என்று சொல்வதில்லை. களத்துக்குப் போவதற்கு முந்தின நாள் இரவு மாடியில் நின்று, நான் நானாகவே சாக வேண்டும் என்கிறான், அதனால் அவன் நல்லவனாகிவிடுகிறான். ஒரு பையன் மேடையில் பொய் சேர்த்துப் பேசினால் புத்திசாலித்தனம், ஒரு பெண் செய்தால் வேஷம். இது காலின்ஸின் பார்வையா, காட்னிஸின் பார்வையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

என் வகுப்பில் ஒருத்தி நடன வீடியோ போடுகிறாள். அவளுக்கு வருகிற கமெண்டுகளைப் படித்தால் சாப்பாடு இறங்காது. அவளை யாரும் குலுக்கலில் எடுக்கவில்லை, அவளே விருப்பப்பட்டுத்தான் போடுகிறாள். விருப்பப்பட்டால் அடிபடுவது நியாயம் என்றாகிவிடுமா? அவளுக்குக் கொடுக்க ஒரு நாவல் வேண்டும். இது அது இல்லை.

பிடித்ததையும் சொல்லிவிடுகிறேன். வென்று வந்ததும் அவள் மயக்கத்தில் இருக்கும்போதே அறுவை சிகிச்சை செய்து உடம்பை மாற்றிவிட அதிகாரிகள் நினைப்பதும், ஹேமிட்ச் சண்டை போட்டு அதைத் தடுப்பதும், கடைசியில் சமரசமாக உடைக்குள் பஞ்சு வைத்துத் தைப்பதும் ஒரு சின்னப் பத்தியில் வந்து போகும். உயிரைக் காப்பாற்றிய மறுநாளே மார்பு அளவைப் பற்றிப் பேசுகிறார்கள். எத்தனை வயதானாலும் அந்தப் பத்தியை மறக்க மாட்டேன்.

நெறியாளர்:

விவாதம் நன்றாகப் போகிறது. ஒரு வேண்டுகோள். மூன்றாம் பாகமான 'மாக்கிங்ஜே'யின் முடிவை இங்கே யாரும் வெளியிட வேண்டாம். இரண்டு, மூன்றாம் பாகங்களிலிருந்து எழுதினால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

வேப்பம்பூ:

நிலாமுற்றம், உன் பதிவை மகளிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கிளிமரின் கையிலிருந்து வில்லை எடுக்கிற இடத்தில் காட்னிஸ் தடுமாறுவாளே அம்மா, என்று கேட்டாள். திரும்ப எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். குளவிகள் கொட்டி வீங்கிக் கிடக்கும் அந்த உடம்பைப் பார்த்து, பேட்டி இரவில் அவ்வளவு அழகாக இருந்தவளா இவள் என்று நினைத்து நடுங்குகிறாள். ஆனால் அந்த நடுக்கம்கூட அழகைப் பற்றியதாகவே இருக்கிறது. அவளுக்கு வீட்டில் யார் இருந்தார்கள், ஏன் வந்தாள், ஒன்றும் தெரியாமலே போய்விடுகிறது. ஆகவே உன் பக்கம் பாதி, என் மகள் பக்கம் பாதி.

புத்தகக்கடை ஐயா, கைதட்டாத கூட்டத்தை நான் கவனிக்காமல் கடந்து போயிருந்தேன். சொன்ன பிறகுதான் இன்னொன்று தோன்றியது. ரூ செத்த பிறகு அவளுடைய மாவட்டத்து மக்கள் காட்னிஸுக்கு ஒரு ரொட்டி அனுப்புகிறார்கள். அவர்களும் பார்ப்பவர்கள்தான், பட்டினியில் கிடப்பவர்கள். ரூவுக்காகச் சேர்த்து வைத்த காசாக இருக்கலாம். களத்துக்குள் வந்த பொருள்களில் கேபிட்டல் காசில் வராதது அது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. பார்ப்பது என்ற ஒரே செயலுக்கு இத்தனை வகை இருக்கிறது. இதை ஆசிரியர் தெரியாமல் செய்திருக்க முடியாது.

ஆனாலும் முத்தத்துக்குக் காத்திருந்த என்னைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

தறிச்சத்தம்:

புத்தகத்தை விடுங்கள், அதற்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2012இல் முதல் படம் வந்தது. அடுத்த வருடம் இரண்டாம் பாகமான 'கேட்சிங் ஃபயர்' படத்துக்காக கவர்கேர்ள் என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனம் கேபிட்டல் பெயரிலேயே ஒரு வரிசையை விற்பனைக்கு விட்டது. மாவட்டத்துக்கு ஒரு ஒப்பனை. நிலக்கரி தோண்டிப் பட்டினி கிடக்கிற பன்னிரண்டாம் மாவட்டத்துக்கும் ஒன்று! சப்வே சாண்ட்விச் கடைகளும் விளம்பரத்தில் சேர்ந்துகொண்டன. பட்டினியைப் பற்றிய கதைக்குச் சாண்ட்விச். நாவலைப் படித்த யாராவது ஒருவர் அந்தக் கூட்டத்தில் எழுந்து, இது வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்களா? எனக்கு இன்றைக்கும் கோபம் அடங்கவில்லை.

பழைய புத்தகக்கடை:

தறிச்சத்தம் சொன்னதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. 2014இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது எதிர்த்தவர்கள் அந்த மூன்று விரல் சைகையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதற்காகக் கைதும் ஆனார்கள். 2021இல் மியான்மரிலும் அதே விரல்கள். ஒப்பனைப் பெட்டியும் அதே கதையிலிருந்து வந்தது, அந்த விரல்களும் அதிலிருந்துதான் வந்தன. எதை எடுத்துக்கொள்வது என்பது எடுப்பவர் கையில்.

இனி வருவது இரண்டு, மூன்றாம் பாகங்களைப் பற்றியது. படிக்காதவர்கள் தாண்டிவிடுங்கள்.

நிலாமுற்றம், உன் கேள்வி நியாயமானது. காலின்ஸுக்கும் அது தோன்றியிருக்கும் போலிருக்கிறது. 'கேட்சிங் ஃபயர்' பேட்டி இரவைப் படித்துப் பார். அதில் பழைய வெற்றியாளர்களையே மறுபடி களத்துக்கு அனுப்புகிறார்கள். முதல் மாவட்டத்திலிருந்து காஷ்மீர் என்ற பெண் வருகிறாள். ஏற்கெனவே வென்றவள், கேபிட்டலின் செல்லம், கிளிமரின் வார்ப்பு. மேடையேறி, எங்களை இழக்கப்போகும் உங்கள் துயரத்தை நினைத்தால் எனக்கு அழுகை நிற்கவில்லை என்கிறாள். அந்த ஒரே பேச்சில் கூட்டத்தைக் குற்றவுணர்ச்சியில் தள்ளிவிடுகிறாள். புகழை வைத்தே புகழ் கொடுத்தவர்களை அடிக்கிறாள். வீரம் பேசுகிற எல்லாருக்கும் முன்னால் அதைத் தொடங்கி வைத்தவள் அவள்தான்.

அப்புறம் ஃபின்னிக். பதினான்கு வயதில் வென்றவன். நாடே கொண்டாடும் அழகன். காட்னிஸ் அவனையும் முதலில் தளுக்குக்காரன் என்றே நினைக்கிறாள், உன் பிரச்சினை அங்கே தலைகீழாக ஒரு பையனுக்கு நடக்கிறது. 'மாக்கிங்ஜே'யில் அவன் கேமரா முன்னால் வாய் திறக்கிறான். ஸ்னோ அவனை விலைக்கு விற்றிருக்கிறார். மறுத்தால் அவன் நேசிக்கிற ஒருவரைக் கொன்றுவிடுவார்கள். வாங்கியவர்களிடமிருந்து அவன் காசு கேட்கவில்லை, ரகசியங்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறான். அந்தப் பக்கங்களைப் படித்த பிறகு முதல் பாகத்தின் மினுமினுப்பு முழுவதும் வேறாகத் தெரிந்தது எனக்கு. இது வெறும் போர் நாவல் என்று மேலே சொன்னேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். போரும் புகழும் இதில் ஒரே எந்திரத்தின் இரண்டு சக்கரம்.

நிலாமுற்றம்:

காஷ்மீரை மறந்தே போயிருந்தேன், நன்றி தாத்தா. (தாத்தா என்று கூப்பிடலாம்தானே?) பாதி சமாதானம் ஆகிறேன். மீதிப் பாதி ஆகவில்லை. அவ்வளவு அழகாகப் பேசிய காஷ்மீர் களத்துக்குள் போனதும் மறுபடியும் வெறும் எதிரியாகி, ஒரு கோடரி வீச்சில் செத்துப்போகிறாள். அந்தப் பேச்சைப் பேசிய தலைக்குள் என்ன இருந்தது என்று கடைசிவரை தெரியாது. கூட வந்த அவள் சகோதரனும் அப்படித்தான் செத்துப்போகிறான்.

இரண்டாம் பாகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'திறமை' விஷயம். வென்றவர்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு கலை இருக்க வேண்டும், கேபிட்டலுக்குக் காட்டுவதற்கு. பீட்டாவுக்கு ஓவியம் உண்மையிலேயே வரும். காட்னிஸுக்கு ஒன்றும் வராது. அதனால் சின்னா வரைந்த உடைகளை அவள் வரைந்ததாகக் காட்டுவார்கள். நட்சத்திரங்கள் தங்கள் பெயரில் துணி வரிசை, வாசனைத் திரவியம் என்று வெளியிடும்போதெல்லாம் இது ஞாபகம் வருகிறது. அதுபோக, அவளுடைய கல்யாண உடையைக் கேபிட்டல் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அவளுக்கு வேண்டாத கல்யாணம், யாரோ ஓட்டுப் போட்ட உடை.

நள்ளிரவு எடிட்டர்:

(மூன்றாம் பாகம் பற்றி, முடிவு இல்லை.)

ஐயா சொன்ன பிறகு 'மாக்கிங்ஜே'யை நேற்று இரவு திரும்ப எடுத்தேன். என் குறையில் பாதிக்கு அங்கே பதில் இருக்கிறது. கேபிட்டலிலிருந்து தப்பி வந்த இயக்குநரும் கேமராக்காரர்களும் புரட்சிக்காரர்களுக்காகப் பிரச்சாரப் படம் எடுக்கிறார்கள். தலைமை தாங்குபவர் ப்ளூட்டார்க், விளையாட்டையே நடத்தியவர். ஸ்டுடியோவில் காட்னிஸுக்கு ஒப்பனை போட்டு, பின்னால் பொய்க் காட்சி வைத்து, வசனம் கொடுக்கிறார்கள். படு மோசமாக வருகிறது. அப்போது ஹேமிட்ச் எல்லாரையும் கூட்டி ஒரு கேள்வி கேட்பார்: இந்தப் பெண் எப்போது உங்களை நிஜமாகவே அசைத்தாள்? ஒவ்வொருவரும் சொல்வார்கள், தங்கைக்காக முன்வந்தது, ரூவுக்குப் பாடியது என்று. அவற்றில் ஒன்றுகூட யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. உடனே முடிவு: எழுதிக் கொடுக்காதே, ஆபத்தான இடத்துக்கு அனுப்பு, கேமராவைத் தயாராக வை.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். எங்கள் கூட்டங்களில் வார்த்தைக்கு வார்த்தை இதுதான் நடக்கும். "ரொம்ப ரிஹர்சல் வேண்டாம், பிள்ளை இயல்பாக அழட்டும்." இயல்பையே ஒரு உத்தியாக்கிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மிச்சம் என்ன இருக்கிறது? நல்ல பக்கத்துக்காகச் செய்தாலும் அதே வேலைதான் என்று காலின்ஸ் எழுதியிருக்கிறார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. அழகுபடுத்தும் அந்த மூவரையும் அவர் கைவிடவில்லை. ரொட்டி திருடினார்கள் என்று, அழிந்துபோனதாகச் சொல்லப்பட்ட, புரட்சிக்காரர்களின் பதின்மூன்றாம் மாவட்டத்தில் சங்கிலி போட்டு வைத்திருப்பார்கள், காட்னிஸ் பார்த்துத் துடித்துப்போவாள். அவர்கள் செய்தது தப்பு என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் துடிக்கிறாள். எனக்குக் கிடைக்காத பக்கம் என்று மேலே எழுதினேனே, கிட்டத்தட்ட அது இதுதான்.

நிலாமுற்றம், நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பையன் பாடுகிறான். கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு. போன வருடம் ஒரு ஊரில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கேட்டேன். நன்றாகப் பாடினான். முன்னால் போய்ப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

தறிச்சத்தம்:

போய்ப் பேசியிருக்கலாம் அண்ணா. அடுத்த தடவை பேசுங்கள்.

வேப்பம்பூ:

எடிட்டர் தம்பி, தறிச்சத்தம் சொன்னதையே நானும் சொல்கிறேன்.

நேற்று இரவு மகளும் நானும் முதல் பாகத்தின் கடைசி அத்தியாயத்தைத் திரும்பப் படித்தோம். ரயில் சொந்த ஊரில் வந்து நிற்கிறது. அதற்கு முன்னால்தான் பீட்டாவுக்குத் தெரிந்திருக்கிறது, களத்தில் அவள் காட்டிய அன்பில் எவ்வளவு நடிப்பு என்று. அவன் மனசு உடைந்திருக்கிறது. வெளியே கேமராக்கள் காத்திருக்கின்றன. பார்ப்பவர்களுக்காக இன்னொரு தடவை, என்று அவன் கையை நீட்டுகிறான். அவளும் பிடித்துக்கொள்கிறாள்.

முதல் தடவை படித்தபோது நான் அடுத்த பாகத்தில் சேர்ந்துவிடுவார்கள் என்று ஆறுதல்பட்டுக்கொண்டு புத்தகத்தை மூடினேன். இந்தத் தடவை மகள் கேட்டாள்: "அந்தக் கேமரா எல்லாம் இல்லன்னா ரெண்டு பேரும் என்னம்மா பேசியிருப்பாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். பீட்டா கட்சியில் நான் இன்னும் இருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வரும் ஞாயிறு முதல் 'கேட்சிங் ஃபயர்' தொடங்குகிறோம். கல்யாண உடைக்கு ஓட்டுப் போடுகிற இடம் வரைக்கும் முதல் வாரம். நிலாமுற்றம், நீயும் சேர்ந்துகொள். காஷ்மீர் பேசுகிற பக்கம் வரும்போது நீதான் முதலில் எழுத வேண்டும் என்று மகள் சொல்லச் சொன்னாள்.